புரட்டாசிச் சனியும் தாழ்ந்த சர்க்கரையும்

செப்டம்பர் 21, 2024, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்ட பிறகே சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், காலையில் சர்க்கரையில்லாத காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் பழக்க தோஷத்தில் எட்டு மணிக்கே விழுங்கிவிட்டேன். பதினொன்றரை மணிக்குப் புளியோதரை கிளறும்போது கரண்டி பிடித்த கை நடுங்கியது. அடுப்புச் சூடு என்று நினைத்த வியர்வை முதுகில் ரவிக்கையை நனைத்துவிட்டது. வடை மாவில் உப்புப் போட்டேனா என்பதே நினைவில் இல்லை. ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 58 காட்டியது. மருமகள் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் கழித்து 60. மறுபடியும் கொடுத்தாள், 64. பிறகு பேரனுக்கு வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் குடித்த பின்புதான் 97க்கு ஏறியது. படையலுக்குக் காத்திராமல் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

சர்க்கரைத் தண்ணீர் ஏன் உதவவில்லை என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினார்: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சர்க்கரையைக் குடலில் உள்ள நொதி குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரித்த பிறகே அது ரத்தத்தில் சேரும். அந்த நொதியைத் தடுப்பதுதான் வோக்லிபோசின் வேலை. குளுக்கோசுக்கு அந்தப் பிரிப்பு தேவையில்லை என்பதால் அது தடையின்றிச் சேர்ந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளாக இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன். இதை எனக்கு யாருமே சொல்லவில்லை என்பது மிகவும் வருத்தமாக இருக்கிறது. இதே மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் எல்லாம் இது தெரிந்திருக்க வேண்டும்.

கிளிமிபிரைடோ, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதன் வேகம் நெடுநேரம் தங்கும் என்பதால், ஒரு முறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கலாம். எனக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்றுக் கூடியிருப்பதால் அதன் அளவை 2 மில்லிகிராமிலிருந்து 1 ஆகக் குறைத்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

குளுக்கோஸ் டப்பாக்களைச் சமையலறையிலும் கட்டிலருகிலும் கைப்பையிலும் வைத்தாயிற்று. மருமகளிடம் இரண்டு செய்திகளை அழுத்திச் சொன்னேன். 70க்குக் கீழே போனால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று நானே சொன்னாலும் அவள் மீட்டரைத்தான் நம்ப வேண்டும். நான் நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே 108ஐ அழைக்க வேண்டும். அவள் அதைக் காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 28, சனி

இரண்டாம் சனி. மருத்துவர் சொன்னபடி காலையில் மாத்திரையைத் தொடவில்லை. பதினொரு மணிக்குப் பார்த்தபோது 118 இருந்தது. தளிகை முடிந்து, இலையில் சாதம் விழுந்த பிறகே மாத்திரையைப் பிரித்தேன்.