புது வீடு, பழைய மண்

பிப்ரவரி 3
கொத்தனார்கள் போன பிறகுதான் வீட்டை நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். மேல்மண் என்று எதுவும் மிச்சமில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண் மேலே கிடக்கிறது. அதில் செங்கல் துண்டு, ஜல்லி, காய்ந்த கலவை. லாரி நின்ற பக்கம் கடப்பாரை இறங்கவே மாட்டேன் என்கிறது. வீட்டிலோ தோட்டத்துக்குப் பட்டியல் தயார்: அவருக்குப் புல்தரை, அத்தைக்குப் பூச்செடி, பையனுக்கு ஊஞ்சல். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். மண்ணைப் பார்க்காமல் நர்சரிப் பக்கம் போவதாக இல்லை.

பிப்ரவரி 8
கலவைக் கட்டிகளைப் பொறுக்கி மூட்டை கட்டுவதிலேயே பொழுது போகிறது. மேலே செம்மண் கொட்டி மூடிவிடலாமே என்றார் அவர். நான் சம்மதிக்கவில்லை. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்புறம் இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

பிப்ரவரி 14
கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். குலுக்கி வைத்ததும் பையன் நகரவில்லை. மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கியது. வண்டல் படிய சில மணி நேரம். களிமண் மறுநாளும் கலங்கலாகவே நின்றது. ஆக, களி அதிகம். மணல் கலந்தால் இளகும் என்பார்கள். களியில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். மக்கிய உரம்தான் வழி.

லாரி நின்ற பக்கம் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். மணிக்கு 2.5 செ.மீ.யாவது இறங்கினால் பரவாயில்லை. இங்கே 1 செ.மீ.கூட இறங்கவில்லை. அந்தப் பக்கம் மேட்டுப்பாத்திதான்.

பிப்ரவரி 23
காலை, நடுப்பகல், மாலை மூன்று வேளையும் வீட்டு நிழல் விழும் எல்லையைக் காகிதத்தில் குறித்தோம். காய்கறிக்குத் தினமும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு மூலைதான் தேறுகிறது. அவர் புல்தரைக்குப் பார்த்து வைத்திருந்த மூலை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

மார்ச் 5
தோட்டத்தின் வரைபடம் முடிந்தது. ஊஞ்சல், சமையலறை ஜன்னலில் இருந்து தெரியும் இடத்தில். அதன் அடியில் கல் கூடாது, கனமாக மரச்சீவல். புல்தரை பாதியாகச் சுருங்கிவிட்டது. நடைபாதைக்கு மட்டும் கோடு போடவில்லை. தினமும் நடக்க நடக்கத் தடம் விழட்டும், அதன்மேல் கல் பாவிக்கொள்ளலாம். வாசலில் இருந்து வரும் பாதை மட்டும் 120 செ.மீ. அகலம், இரண்டு பேர் சேர்ந்து நடக்க.

அத்தை அரளி கேட்டார்கள். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், பையன் வளரட்டும் அத்தை என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்கள்.

மார்ச் 19
சுவரில் இருந்து 3 மீட்டருக்கு 15 செ.மீ. வாட்டம் கொடுத்தாயிற்று. இனி மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்காது. பாத்தியில் உரம் கலந்து, மண் காயாமல் இருக்க மேலே மூடாக்கும் போட்டோம், செடியின் தண்டைத் தொடாமல். மரம் எது என்பதில்தான் இன்னும் சண்டை. எதுவானாலும் செப்டிக் டேங்கை விட்டுத் தள்ளித்தான் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.