கத்திரி வெயிலும் கோழி ஷெட்டும்

மே 5
கத்திரி பிறந்துவிட்டது. நெல்லிக்குப்பம் பக்கம் மதியத்தில் தலைகாட்ட முடியவில்லை. கோழிகள் இறக்கையை அகட்டி, அலகைத் திறந்தபடி இரைக்கின்றன. கோழிக்கு வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். ஆனால் இரைக்க இரைக்க ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும், முட்டை ஓடு கட்ட அதுவும் வேண்டும். போதாததற்குத் தீவனத்தையும் சரியாக எடுப்பதில்லை. இன்று ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை அதிகம். ஒன்றைத் தூக்கும்போதே விரல் பதிந்துவிட்டது.

மே 8
வைட்டமின் பொடி வாங்கினேன். "ரெண்டு மடங்கா போடுங்கண்ணே, ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரர். சி என்றால் சரி, மிஞ்சியது எச்சத்தோடு போய்விடும், காசுதான் நட்டம். ஏ, டி அப்படியில்லை. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கிவிடும். டி மிஞ்சினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். டப்பாவில் போட்டிருக்கும் அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

சி சத்தைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே உண்டாக்கிக்கொள்ளும். சாதாரண நாளில் வெளியிலிருந்து தரவே வேண்டாம். இந்த வெயிலில்தான் அது போதாது. அப்போது கிலோ தீவனத்துக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை சேர்ப்பார்கள்.

மே 9
தண்ணீரில் கலந்த சி சூட்டிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். குளோரின் தண்ணீரும் ஆகாது. மாடியில் கொதிக்கும் கறுப்பு டேங்கில் பொடியைக் கொட்டுகிறவர்களை என்ன சொல்ல! விடியற்காலையில், சீக்கிரமே குடித்துத் தீர்க்கிற அளவு மட்டும் வாளியில் கலக்கிறேன்.

மே 13
மதியத் தீவனத்தை நிறுத்தியாயிற்று. செரிமானமே உடம்புச் சூட்டைக் கூட்டும். விடியலில் ஒரு பங்கு, பொழுது சாய்ந்து கடல்காற்று வந்த பிறகு ஒரு பங்கு. சாயங்காலத் தீவனத்தோடு கிளிஞ்சல் தூள். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் கட்டுகிறது. அந்த நேரத்தில் குடலில் சுண்ணாம்புச்சத்து இருக்க வேண்டும். முட்டையிடும் கோழிக்கு அது நாளொன்றுக்கு 4 கிராம் போலத் தேவை.

மே 17
வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. பிடித்து ஊசி போடுவதே அதுகளுக்குப் பெரிய அதிர்ச்சி. நாளைக்கும் பொடி உண்டு.

மே 22
தோல்முட்டை நன்றாகக் குறைந்திருக்கிறது. முட்டை எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. பொடியால்தான் என்கிறான் மகன். கூரையில் விரித்து நனைத்துவிடும் சாக்குக்குத்தான் நான் பாதிப் பெருமை கொடுப்பேன். எப்படியோ, மேற்குப் பக்கம் இன்னொரு வரிசை கீற்று கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன்.