பட்டியலில் இல்லாத ஒருவர்

குழந்தைகள் காப்பகம் ஒன்றிற்கு ஆய்வுக்குச் சென்றால் உட்கார நாற்காலி வருவதற்கு முன்பே மேசைக்கு ஒரு கோப்பு வந்துவிடும். கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் அளித்த கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, அதன்பின் பணியாளர் ஒவ்வொருவருக்குமான காவல்துறை சரிபார்ப்புச் சான்று என எல்லாம் பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். அரசு மருத்துவராகப் பணியாற்றிய என் கடைசி ஆண்டுகளில், தென் மாவட்டம் ஒன்றின் ஆய்வுக் குழுவில் மருத்துவ உறுப்பினராக இருந்தேன். அப்போது இத்தகைய கோப்புகள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை குறை சொல்ல முடியாதபடி இருந்தன என்பதே எனக்கு வரவரச் சந்தேகத்தைத் தந்தது.

ஒரு நாள் பார்த்ததைச் சொல்கிறேன். பெண் குழந்தைகள் தங்கும் ஓர் இல்லம். பணியாளர் பட்டியலில் கண்காணிப்பாளர், வார்டன், இரண்டு சமையலர்கள், ஒரு காவலாளி என ஐந்து பெயர்கள் இருந்தன. ஐவருக்கும் சான்று இருந்தது. ஆனால் நாங்கள் உள்ளே நுழைந்தபோது, முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், சிறுமி ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர்க் குழாயை மூடச் சொன்னார். அவர் யார் என்று வார்டனிடம் கேட்டேன். "அவர் ஸ்டாஃப் இல்லைங்க டாக்டர், நிர்வாகி ஐயாவோட மச்சினர். வண்டி ஓட்டுவாரு, பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வருவாரு, அவ்வளவுதான்" என்றார். சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் அவரைப் பற்றி யாரும் விசாரித்திருக்கவில்லை. தினமும் காலையும் மாலையும் பெரியவர் வேறு யாரும் உடன் இல்லாமல் அந்தக் குழந்தைகளோடு வண்டியில் இருந்தவர் அவர் ஒருவரே. அவர் மீது எந்தப் புகாரும் இல்லை, நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

சட்டத்தில் இதற்கு இடைவெளி இல்லை. குழந்தைகள் தங்கும் இடமாயினும் அவர்களோடு தொடர்ந்து பழகும் இடமாயினும், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு பாராமல், அங்கே பணிபுரிந்து குழந்தையோடு தொடர்பில் வரும் ஒவ்வொருவருக்கும் காவல்துறை சரிபார்ப்பும் பின்புல விசாரணையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்யப்பட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. கால இடைவெளியில் என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் பார்த்த சான்றுகளில் பல, பதிவுக்கு விண்ணப்பித்த மாதத்தில் ஒருமுறை வாங்கப்பட்டவை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், அந்தச் சான்றுகளும் அதே 5 ஆண்டுகளுக்கு உறைக்குள்ளேயே உறங்கின. இடையில் காவலாளி மாறியிருப்பார், புதிய காவலாளிக்கு "அப்ளை பண்ணியிருக்கோம்" என்ற பதில் கிடைக்கும்.

சான்று இருந்தாலும் அது எதைச் சொல்கிறது என்பது இன்னொரு கேள்வி. கொடுக்கப்பட்ட பெயருக்கும் முகவரிக்கும் எதிராகக் காவல்துறைப் பதிவுகளில் வழக்கு ஏதும் உள்ளதா என்பதே அடிப்படையில் பார்க்கப்படுகிறது. நம் ஊரில் பெயர் என்பது எவ்வளவு வழுக்கலான பொருள் என்று அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு எழுதியவர்களைக் கேட்டால் தெரியும். செல்வம், செல்வராஜ், தலைப்பெழுத்து முன்னால், தலைப்பெழுத்து பின்னால், வாக்காளர் அட்டையில் ஓர் எழுத்துக்கோர்வை, ஆதாரில் வேறொன்று. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. 2002-இல் இங்கிலாந்தின் சோஹம் என்ற சிற்றூரில் 10 வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயான் ஹன்ட்லி ஒரு பள்ளியின் பராமரிப்பாளராகப் பணியில் இருந்தவர். அவர் மீது முன்பு வேறொரு பகுதியில் பாலியல் குற்றச்சாட்டுகள் பல எழுந்திருந்தும், பணியமர்த்தலின்போது அவர் பயன்படுத்திய நிக்சன் என்ற பெயரை வைத்து மட்டுமே பதிவுகள் தேடப்பட்டதால் எதுவும் வெளிவரவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட பிச்சர்டு விசாரணை 2004-இல் அறிக்கை அளித்தது. குழந்தைகளோடும் நலிந்த பெரியவர்களோடும் பணியாற்றத் தடை செய்யப்பட்டோரின் பட்டியலைப் பேணும் முறை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அங்கு வந்தது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. ஆனால் அதைப் புலனாய்வு அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். காப்பக நிர்வாகி தாமாக எதையும் தேடிப் பார்க்க வழியில்லை. தனிமனித அந்தரங்கத்தை எண்ணிப் பார்த்தால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதுதான் என்றே கருதுகிறேன். ஆனால் அப்படியானால், நிர்வாகியின் சார்பாக அந்தத் தேடலைச் செய்து தரும் பொறுப்பு முழுவதும் அரசின் தலையில் விழுகிறது.

மறுபடியும் அந்த இல்லத்திற்கு வருகிறேன். முதல் மாடியில் படுக்கைக் கூடம், அதன் வாசலில் இரும்புக் கிரில் கதவு. இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சாவி எங்கே என்று கேட்டபோது வார்டன் தன் சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். அவர் படுப்பது கீழ்த்தளத்தில். இரவு 2 மணிக்குத் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நான் ஓடி வந்து தொறந்துருவேங்க" என்றார். அவருக்கு 60 வயது இருக்கும், முழங்கால் வலிக்கு என்னிடமே அன்று மாத்திரை கேட்டார். சுவரில் தொங்கிய தீயணைப்பானின் அட்டையில் அதன் நிரப்பும் தேதி கடந்து ஓராண்டு ஆகியிருந்தது. கோப்பில் இருந்த தடையின்மைச் சான்று மட்டும் நடப்பில் இருந்தது.

பூட்டிய கதவென்றால் எனக்குப் பதற்றம் வருவதற்கு ஏர்வாடியே காரணம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளில் 28 பேர் தப்பிக்க வழியின்றி எரிந்து இறந்தனர். உரிமம் பெறாமல் மனநலக் காப்பகம் நடத்தக் கூடாது என்று சொன்ன மனநலச் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டு, 1993 முதல் நடைமுறையிலும் இருந்தது. அந்தக் காப்பகங்கள் ஒளிந்து நடந்தவை அல்ல. ஊருக்கே தெரியும், வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் தெரியும். உரிமம் கேட்க ஓர் அதிகாரி போகவில்லை, அவ்வளவே. தீக்குப் பின் ஒரே வாரத்தில் எல்லாக் காப்பகங்களும் மூடப்பட்டு 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். ஒரு வாரத்தில் செய்ய முடிந்த அந்த வேலை அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏன் செய்யப்படவில்லை என்பதற்கு எனக்கு இன்றும் விடை கிடைக்கவில்லை.

அதன்பின் சட்டங்களுக்குக் குறைவில்லை. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று தமிழ்நாடு 2014-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அரசு நிதி பெற்றாலும் பெறாவிட்டாலும் எல்லாக் குழந்தை இல்லங்களும் பதிவு செய்ய வேண்டும் என்றது. இருந்தும், மத்திய அரசு நாடு முழுவதும் 9,589 இல்லங்களைக் கணக்கெடுத்தபோது, 2016 நிலவரப்படி அவற்றில் 32 விழுக்காடு மட்டுமே அச்சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருந்தன. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் நடந்த சுரண்டல் தொடர்பாக 2007 முதல் நடந்துவந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தபோது, அவ்வாண்டு இறுதிக்குள் பதிவை முடிக்குமாறு கெடு விதிக்க வேண்டியிருந்தது. முதியோரும் மனநலம் குன்றியோரும் தங்கும் இடங்களின் நிலை இதைவிட மோசம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்து ஆசிரமம் ஒன்றிலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டதற்கு, காணாமல் போன முதியவர் ஒருவருக்காக உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுவே தொடக்கம். வழக்கமான ஆய்வு எதுவும் அல்ல.

ஆய்வு என்ற சொல்லுக்கே வருவோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உட்பட மூவருக்குக் குறையாத குழு ஒவ்வோர் இல்லத்திற்கும் செல்ல வேண்டும், ஒரு வாரத்திற்குள் அறிக்கை தர வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு. நாங்கள் சென்றோம், படிவத்தை நிரப்பினோம். நாங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்ததற்குச் சமையலறை வாசனையே சாட்சி. வழக்கமான சாம்பார் சாதத்திற்குப் பதில் கேசரியும் வடையும் இருக்கும். அந்தக் கேசரியைத் தின்றுகொண்டே உணவின் தரம் 'நன்று' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பீகாரின் முசாஃபர்பூரிலும் ஆய்வு நடக்காமல் இல்லை. அங்கிருந்த சிறுமியர் காப்பகத்திற்கு அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். மாநில அரசே கேட்டுக்கொண்டதன்பேரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் கோஷிஷ் குழு அம்மாநிலத்தின் 110 இல்லங்களைச் சமூகத் தணிக்கை செய்து, 2018-இல் தந்த அறிக்கையில்தான் உண்மை வெளிவந்தது. 34 சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது மருத்துவப் பரிசோதனையில் உறுதியாயிற்று. 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்மானித்த 19 பேரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். காவலாளிக்கும் சமையலருக்கும் பின்புல விசாரணை கேட்கும் நாம், விசாரிக்க வருபவரை யார் விசாரிப்பது என்று கேட்பதில்லை. தணிக்கைக் குழு செய்தது மாயம் அல்ல: அவர்கள் அந்தத் துறையின் ஆட்கள் அல்லர், அவசரமின்றி உட்கார்ந்தார்கள், நிர்வாகிகள் இல்லாத இடத்தில் குழந்தைகளோடு பேசினார்கள்.

எங்கள் படிவத்திலும் 'குழந்தைகளுடன் தனித்துப் பேசப்பட்டதா' என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ஆம் என்று எழுதப் பத்து நிமிடம் போதும். வார்டன் கதவருகே நின்றாலும் எழுதலாம். எடை பார்க்கிறேன், தோலில் சிரங்கு இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி ஒவ்வொரு குழந்தையையும் திரைக்குப் பின் பெண் உறுப்பினரோடு உட்கார வைப்பது நாங்கள் பழகிக்கொண்ட தந்திரம். அந்த இல்லத்தில் ஒரு சிறுமி அப்படித்தான் சொன்னாள்: தாழ்வாரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதியிருக்கிறது, ஆனால் போன் இருப்பது ஆபீஸ் ரூமுக்குள், அது எப்போதும் பூட்டியிருக்கும். நான் அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு முறை நடந்திருந்தேன். பலகை இருப்பதைப் படிவத்தில் குறித்தும் விட்டேன்.

அன்றைய அறிக்கையில் மூன்று செய்திகளை எழுதினோம்: சம்பளம் வாங்குகிறாரோ இல்லையோ, வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வளாகத்திற்குள் வரும் ஒவ்வொருவரின் பெயரும் பட்டியலில் சேர்ந்து சரிபார்க்கப்பட வேண்டும், கிரில் சாவி இரவில் மாடியிலேயே இருக்க வேண்டும், குழந்தைகள் எடுத்துப் பேசும்படி தொலைபேசி வெளியே வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆய்வை ஒருநாள் மாலை 7 மணிக்கு, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டோம். வேன் ஓட்டுபவரின் பெயர் பட்டியலில் ஆறாவதாக ஏறியிருந்தது, விண்ணப்பித்த ரசீதும் இருந்தது. தொலைபேசி தாழ்வாரத்து ஸ்டூலில் இருந்தது. சாவியைக் கேட்டேன். வார்டன் பெருமிதத்தோடு மாடிக்கு அழைத்துச் சென்று காட்டினார். கிரில் கதவின் உட்புறச் சுவரில் ஆணி அடித்து அதில் சாவியை மாட்டியிருந்தார்கள். ஆணி என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அந்தக் கூடத்தில் தூங்குபவர்களில் மூத்தவளுக்கு வயது 13. தச்சரை வரவழைக்க வேண்டாம், ஒரு சுத்தியல் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அங்கேயே நின்றோம்.