நெஸ்ட் கட்டும் வேலை

28 வாரக் கர்ப்பத்திலேயே பிறந்துவிட்ட குறைமாதப் பிள்ளையைப் படுக்கவைப்பதும், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்களுக்கு ஒரு சிகிச்சைதான். கருப்பைக்குள் இடம் நெருங்க நெருங்கக் கைகால் மடங்கிக் கிடக்கும் கடைசி மாதங்கள் அதற்கு வாய்க்கவில்லை. தசையில் பிடிப்பும் குறைவு. சும்மா மல்லாக்கப் போட்டால் கால்கள் தவளைபோல் விரிந்துவிடும், தோள்கள் பின்னால் போய்விடும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் அதுவே பழகிப்போய், பிற்பாடு இரண்டு கையையும் நடுவில் சேர்க்கவே சிரமப்படும்.

அதனால் இன்குபேட்டருக்குள் துண்டைச் சுருட்டிப் பிள்ளையைச் சுற்றி அணை கொடுக்கிறோம். 'நெஸ்ட்' என்போம். இடுப்பு மடங்கியிருக்க வேண்டும், கை வாய்க்கு எட்ட வேண்டும், உதைத்தால் பாதத்தில் ஏதாவது தட்டுப்பட வேண்டும். பார்க்க அழகாக, ஆனால் தளர்வாகக் கட்டிய நெஸ்ட் வீண். புதிதாக வரும் தாதியரிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முதல் 72 மணி நேரம் தலை உடம்போடு நேர்கோட்டில் இருக்கும். கழுத்து திரும்பினால் மூளையிலிருந்து இறங்கும் ரத்தம் தடைப்படலாம். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து அதிகமுள்ள நாட்கள் அவை. அதன் பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கொருமுறை, டயபர் மாற்றும்போதே பக்கத்தையும் மாற்றுவோம். குப்புறப் படுத்தால் பலவற்றுக்கு ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கும். மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கும் மானிட்டர் ஓடிக்கொண்டிருப்பதால் இங்கே அப்படிப் போட முடிகிறது.

குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது தலையையும் மடக்கிய கால்களையும் உள்ளங்கையால் அணைத்துப் பிடிப்பதை அப்பாக்களிடமே விட்டுவிடுவேன். முதலில் பயப்படுவார்கள், பிறகு வேறு யாருக்கும் தரமாட்டார்கள்.

ஒருமுறை ஒரு பாட்டி கேட்டார்: "தூளியில போட்டா தானா சுருண்டுக்குமே மிஸ்ஸி, எதுக்கு இத்தனை துண்டு?"

நல்ல கேள்வி. "சுருண்டுக்கும் பாட்டி. ஆனா முகவாய் நெஞ்சுல இடிச்சு மூச்சு அடைச்சா, தலையைத் தூக்க இதுக்குத் தெம்பு இல்லையே" என்றேன். பாதி மனதோடு தலையாட்டினார்.

வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கினால்தான் உண்மையான சிக்கல். வீட்டில் மானிட்டர் இருக்காது; குப்புறப் படுத்தாலோ பக்கத்தில் துணி கிடந்தாலோ தூக்கத்தில் திடீரென இறக்கும் ஆபத்து கூடும் என்பதால் துண்டு, நெஸ்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சமமான மெத்தையில் மல்லாக்கவே தூங்கவைத்துப் பழக்குகிறோம். இத்தனை நாள் குப்புறப் பார்த்த குடும்பத்துக்கு, நாங்கள் கவனிப்பைக் குறைத்துவிட்டதாகவே தோன்றும். அதே பாட்டிக்குப் பிள்ளையின் தலை தட்டையாகிவிடும் என்ற கவலை. விழித்திருக்கும்போது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால், கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம் என்றதும், அந்த வேலை தன்னுடையது என்று மருமகளிடம் சொல்லிவிட்டார்.