கருத்து வளர்ச்சித் தாள்: எது மாறியது என்று மட்டும் கேளுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, அப்பாடா. கணிதத்திலும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) இறையியலிலும் கருத்துகள் எப்படி வளர்ந்தன என்று ஒப்பிடும் தாள் இது. "கணிதமும் இறையியலும் ஒரே தாளிலா, பேசாமல் அறவியல் எடு" என்று துரத்திக்கொண்டிருந்த ஆசிரியருக்கு இனி பதில் சொல்ல வேண்டாம். அடுத்து எழுதுகிறவர்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

இந்த ஒப்பீட்டைக் கேட்கும் பெரிய வினாவுக்கு எல்லாரும் கணிதத் தத்துவவாதி லகடோஸையும், உண்மையான கோட்பாட்டு வளர்ச்சியை அடையாளம் காண இறையியலாளர் நியூமன் தந்த ஏழு அடையாளங்களையும் ஒப்பிக்கிறார்கள், திருத்துபவருக்கே அலுத்திருக்கும். நான் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வி: எதிர்ப்பு வந்தபோது எது மாறியது, எது அசையவில்லை?

கணிதத்துக்குப் பிரெஞ்சுக் கணிதர் கோஷி போதும். தொடர்ச்சியான (இடையில் தாவாத) சார்புகளைக் கூட்டும் முடிவிலாத் தொடர் ஒருங்கினால் (ஒரு மதிப்பை நெருங்கினால்) கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று 1821இல் எழுதினார். 1826இல் நார்வே கணிதர் ஏபெல் ஒரு சைன் தொடரைக் காட்டினார்: ஒவ்வோர் உறுப்பும் வழவழப்பு, கூட்டுத்தொகையோ π-இன் ஒற்றைப்படை மடங்குகளில் தாவுகிறது. (ரம்பப் பல் மாதிரி ஒரு படம் போடுங்கள், அரை நிமிட வேலை, கட்டாயம் போடுங்கள்.) 1847 வாக்கில் ஸ்டோக்ஸ், சைடல் என்ற இரு கணிதர்கள் தனித்தனியாகச் சீரான ஒருங்கல் (எல்லாப் புள்ளிகளிலும் ஒரே சீராக ஒருங்குவது) என்ற கருத்தை நெருங்கினார்கள், 1853இல் கோஷியே கூடுதல் நிபந்தனை போட்டார். ஆக, தேற்றத்தின் வாசகமே மாறியது.

ஆங்கிலிக்கன் பக்கம் தலைகீழ். இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டு அறிக்கையான 39 விசுவாசப் பிரிவுகள் 1571இல் முடிவான வடிவிலேயே இருக்கின்றன. மாறியது குருமார் அவற்றுக்குத் தரும் ஒப்புதல். 1841இல், அப்போது ஆங்கிலிக்கன் குருவாக இருந்த நியூமன் அவற்றைக் கத்தோலிக்கப் பொருளில் வாசிக்கலாம் என்று வாதிட்டுக் கண்டனம் வாங்கினார். 1860இல் ஆக்ஸ்ஃபோர்டு வடிவியல் பேராசிரியரும் குருவுமான பேடன் பவல், அற்புதங்களைச் சான்றாகக் கொள்வதையே கேள்வி கேட்டார். 1865இல் சட்டம் வந்தது: வரிக்கு வரி ஒப்புக்கொள்ளும் பழைய கையெழுத்து போய், பொதுவான ஒப்புதல் போதும் என்றானது. குருமார் எடுக்கும் 1975 உறுதிமொழியிலோ அப்பிரிவுகள், கிறிஸ்தவ உண்மைக்குச் சாட்சி சொன்ன வரலாற்று ஆவணங்களில் ஒன்றாக வருகின்றன. இந்த ஒரு பத்திதான் எனக்கு மார்க் வாங்கித் தந்தது என்று இன்னமும் நம்புகிறேன்.

அப்புறம் சில:

- அந்த ஏழு அடையாளங்கள் வரும் நியூமனின் 1845 கட்டுரையை ஆங்கிலிக்கன் இறையியல் என்று சும்மா எழுதிவிடாதீர்கள். அதை எழுதும்போதே அவர் ரோமை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையை, நோக்கிக் கிளம்பிவிட்டார், அந்த அக்டோபரிலேயே சேர்ந்தும்விட்டார்.
- ஸ்டோக்ஸ் பக்தியுள்ள ஆங்கிலிக்கன், 1890களில் எடின்பரோவில் இயற்கை இறையியல் பற்றிச் சொற்பொழிவாற்றியவர். இரண்டு பக்கத்துக்கும் இவரை வைத்துப் பாலம் கட்ட ஆசையாக இருக்கும். ஒரு வரியோடு நிறுத்துங்கள்.
- பெண்களைக் குருவாக்க இங்கிலாந்துத் திருச்சபை நடத்திய 1992 வாக்கெடுப்பு: சிறுவினாவுக்கு.
- மேற்கோள் எனக்கு மண்டையில் ஏறாது, அதனால்தான் ஆண்டுகள். ஞாபகசக்தி உள்ளவர்கள் வேறு வழி பார்க்கலாம்.