ஒரு டம்ளரா, ஒரு லிட்டரா?

தமிழில் உடல்நலக் கட்டுரைகள் வெளியிடும் ஓர் இணையதளத்தில் சில ஆண்டுகள் சரிபார்ப்பு வேலை பார்த்தேன். புற்றுநோய்க்கு மூலிகை, ஒரே வாரத்தில் சர்க்கரை நோய் ஓடிவிடும் மாதிரியான புரளிகளைப் பிடிப்பதுதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். அதெல்லாம் சுலபம், தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். நான் கோட்டைவிட்டது ஒரு டம்ளர் தண்ணீரில்.

வயிற்றுப்போக்கு பற்றிய கட்டுரை அது. அதில், உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு வரி. "ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கவும்" என்று இருந்தது. படித்தேன், சரி என்று விட்டுவிட்டேன். அந்த வரியைத் தனிப் படமாகவும் போட்டோம். மூன்றாம் நாள் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் போன் செய்தார். "சார், எங்க சென்டர்ல கொடுக்கிற பாக்கெட் ஒரு லிட்டருக்கு. இங்க ஒரு அம்மா உங்க படத்தைக் காட்டி, டம்ளர்லதான் கரைக்கணும்னு என்கிட்ட சண்டை போடுறாங்க."

எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் வீட்டில் இருந்தது 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட். அதற்கு அந்த வரி சரி. 20.5 கிராம் உள்ள பெரிய பாக்கெட்டை அதே டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு. லிட்டருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடும். கைக்குழந்தைக்கு ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வரை போகலாம்.

அன்று இரவே பழைய கட்டுரைகளைத் தோண்டினேன். வீட்டில் கலக்கும் கரைசலுக்கு, லிட்டருக்கு எட்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு என்றது ஒரு பக்கம். ஆறு, அரை என்றது இன்னொன்று. இரண்டும் எங்கள் தளம்தான். முதலாவது பழைய அளவு. 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஓ.ஆர்.எஸ். பொடியில் சோடியத்தை 90இலிருந்து 75க்குக் குறைத்தன. வீட்டுக் கரைசலுக்கு இப்போது சொல்லப்படுவது தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மூன்றாவதாக ஒரு கட்டுரையில் 'தேக்கரண்டி' சுருங்கி வெறும் 'கரண்டி' ஆகியிருந்தது. நம் வீட்டில் கரண்டி என்றால் சாம்பார் ஊற்றுவது!

சத்தமில்லாமல் மாற்றிவிடச் சொன்னார் ஆசிரியர். கட்டுரையின் தலையிலேயே, முன்பு என்ன தவறாக எழுதியிருந்தோம் என்று தேதியோடு போட வேண்டும் என்றேன். பழையதைப் படித்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், தான் படித்தது பிழை என்று அவருக்கு வேறு எப்படித் தெரியும்? அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

படத்தைத்தான் திரும்பப் பிடிக்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி அதை அனுப்பியிருந்தார், 'அனைவருக்கும் பகிரவும்' என்று. போன் போட்டேன்.

"நீ வேலை பார்க்கிற இடத்துல வந்ததுன்னுதானேப்பா நம்பி அனுப்பினேன்?"

வீட்டில் பாக்கெட் இருந்தால் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு லிட்டர்.