டோமினார் 400: பெட்டி மாட்டுவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள்

ஸ்போர்ட் டூரர் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது மூன்று பக்கமும் பெட்டி, முன்னால் நாலு லைட், ஹேண்டில்பாரில் இரண்டு போன் என்று ஜோடித்து நிற்கிற வண்டி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் வைக்கிற பரீட்சை ஒன்றுதான்: விடிகாலையில் சென்னையை விட்டுக் கிளம்பி மதியம் மதுரையில் இறங்கும்போது, சாப்பிட்டுவிட்டு அப்படியே கொடைக்கானலுக்கும் ஏறிவிடலாமா என்று யாராவது கேட்டால், முகம் சுளிக்காமல் சரி என்று சொல்ல முடிய வேண்டும். ஹைவேயில் அலுங்காமல் கொண்டுவந்து விட்டதற்கு டூரர், வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் சிரிக்க வைப்பதற்கு ஸ்போர்ட். இரண்டில் ஒன்று குறைந்தால் அது வேறு வண்டி.

நான் வைத்திருப்பது டோமினார் 400. பஜாஜ் இதை 2016 டிசம்பரில் கொண்டுவந்தபோது ஏபிஎஸ் இல்லாத வண்டியின் விலை 1.36 லட்சம், ஏபிஎஸ் உள்ளது 1.50 லட்சம், டெல்லி ஷோரூம் விலை. இப்போது அதைச் சொன்னால் சின்னப் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கேடிஎம் 390-இன் 373 சிசி இஞ்சினிலிருந்து வந்த ஒற்றை சிலிண்டர். முதலில் 35 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஒரு அளவு) சக்தி இருந்தது, 2019-இல் டிஓஹெச்சி, அதாவது சிலிண்டருக்கு மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், ஆக்கி 40 பிஎஸ் ஆக்கினார்கள், முன்னால் தலைகீழ் ஃபோர்க் வந்தது. 2021-இல் உயரமான வைசர் (ஹெல்மெட்டில் இருப்பது இல்லை, ஹெட்லைட்டுக்கு மேலே நிற்கிற காற்று மறைப்பு), கை மறைப்பு, இஞ்சினுக்கு அடித்தகடு, லெக் கார்ட், கேரியர், யுஎஸ்பி சார்ஜர் எல்லாம் கம்பெனியே பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தது. எல்லாம் சேர்ந்து எடை 193 கிலோ. கொஞ்சம் கனம்தான், தெருவில் தள்ளித் திருப்பும்போது தெரியும். ஓட ஆரம்பித்த பிறகு அந்தக் கனம்தான் லாரி பக்கத்தில் போகும்போது வண்டியை ஆட விடாமல் வைத்திருக்கிறது.

பெரிய வண்டிகளோடு ஒப்பிட்டு இதெல்லாம் ஸ்போர்ட் டூரரா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கவாசாகி நிஞ்சா 1000 வைத்திருப்பவருக்கு நாலு சிலிண்டர், 1043 சிசி, 19 லிட்டர் டேங்க். சரி. ஆனால் நம் சாலைகளில் அவரும் நானும் திண்டிவனத்தில் டீ குடிக்க ஒரே நேரத்தில்தான் இறங்குகிறோம். மாடும் மோட்டார் பம்ப் ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல்லும் எதிர்த்திசையில் வருகிற நாலு வழிச்சாலையில் 100, 105-க்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில் எனக்கு விருப்பமும் இல்லை.

முதலில் காற்று. மோட்டார் சைக்கிள் தூரப் பயணத்தில் உடம்பை அடித்துப் போடுவது தூரம் இல்லை, காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது 80-இலிருந்து 100-க்குப் போனால் நெஞ்சில் அழுத்துகிற விசை ஒன்றரை மடங்குக்கும் மேல். பிஎம்டபிள்யூ 1976-இல் ஆர்100ஆர்எஸ் வண்டியை முழு முகப்போடு கொண்டுவந்தபோது அந்த முகப்பின் வடிவத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துத்தான் முடிவு செய்தார்கள். இந்த வகை வண்டிகளின் கதையை அங்கிருந்துதான் பலரும் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

நம்மவர்கள் செய்வது என்னவென்றால், வைசர் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து ஆன்லைனில் இருப்பதிலேயே பெரியதை வாங்கி மாட்டிவிட்டு, அப்புறம் தலை கிடுகிடுவென்று ஆடுகிறது என்று புலம்புவது. வைசரின் மேல் விளிம்பில் காற்று கிழிந்து சுழல்கிறது, அந்தச் சுழல் நேராக ஹெல்மெட்டில் வந்து மோதினால் கழுத்து போயிற்று. காற்று தோளுக்குக் கீழே கிழியட்டும், அல்லது தலைக்கு மேலே கிழியட்டும், நடுவில் வேண்டாம். என் உயரத்துக்குக் கம்பெனி வைசரே போதுமானதாக இருக்கிறது. நெஞ்சுக்கு நிழல், தலைக்குச் சுத்தமான காற்று. ஆறடிக்காரருக்கு இது வேறு மாதிரி இருக்கும், நண்பர் வண்டியில் ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பக்கக் காற்றுக்கு எந்த வைசரும் உதவாது. ஆடி மாதத்தில் நாங்குநேரியிலிருந்து நாகர்கோவில் பக்கம் போனவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் நினைவிருக்கும். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியாக வந்து பக்கவாட்டில் அறைகிறது, லாரியைக் கடந்து வெளியே வருகிற நொடியில் வண்டி ஒரு முழம் தள்ளிப் போகும். அந்த இடத்தில் கையை இறுக்கினால் ஆட்டம் கூடும். முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துப் போவதுதான் வழி. சீட்டுக்குப் பின்னால் கேரியரில் மாட்டுகிற டாப் பாக்ஸ் உயரமாக இருந்தால் இந்த அறை இன்னும் பலமாக விழும்.

சரி, சீட். ஒரு ரூபாய் செலவு செய்வதாக இருந்தால் அதில் எண்பது பைசாவை இங்கே போடச் சொல்வேன். எந்தச் சீட்டும் முதல் மணி நேரத்தில் நன்றாகத்தான் இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில்தான் அதன் குணம் தெரியும். மெத்தென்று இருப்பது வசதி என்று நினைத்து மேலே ஜெல் பேட் கட்டுகிறார்கள், அது கொஞ்ச நேரத்தில் அமுங்கி அடிப்பலகை இடிக்க ஆரம்பிக்கிறது, மே மாத வெயிலில் நிறுத்தி வைத்தால் தோசைக்கல். தேவைப்படுவது கெட்டியான ஃபோம், அகலமான உட்காரும் இடம், அப்புறம் முன்பக்கச் சரிவைக் கொஞ்சம் சமன் செய்வது. பிரேக் போடும்போதெல்லாம் டேங்கை நோக்கி வழுக்கி வழுக்கி, கையால் உடம்பை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பதால்தான் பல பேருக்கு மணிக்கட்டு வலிக்கிறது. அதற்கு ஹேண்டில்பாரை உயர்த்துகிற ரைசர் வாங்குகிறார்கள். குறை கீழே இருக்கிறது, மருந்தை மேலே போடுகிறார்கள். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் சீட் தைப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டியை விட்டுவிட்டு வராமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபோம் ஒட்டியதும் உறை போடுவதற்கு முன்னால் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்துச் செதுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, சைக்கிள்காரர்கள் போடுகிற பேட் வைத்த ஷார்ட்ஸை ரைடிங் பேன்ட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், பலரும் போடுகிறார்கள்.

லக்கேஜ் விஷயத்தில் வீட்டில் எனக்கு ஓட்டுரிமை கிடையாது. என் கணக்கு இது: கனமான சாமான் தாழ்வாகவும் வண்டியின் நடுவுக்கு அருகிலும் இருக்க வேண்டும், அதனால் டூல்ஸ், செயின் ஆயில், தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கமும் தொங்குகிற சேடில் பேக்கில், துணிமணி மட்டும் பின்சீட்டுக்குப் பின்னால் கட்டுகிற டெயில் பேக்கில். டாப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது. அதில் பத்து கிலோ ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் மெல்ல அலைய ஆரம்பிக்கும். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். “எல்லாம் சரி, சாஞ்சுக்க பெட்டி இல்லேன்னா நான் வரல, நீங்களே போய்ட்டு வாங்க” என்றார் மனைவி. பெட்டி வந்தது. அதில் இப்போது இருப்பது இரண்டு மழைக்கோட்டும் ஒரு முறுக்கு டப்பாவும்தான், அந்த அளவுக்கு உடன்பாடு எட்டியிருக்கிறது. துணிப் பை மாட்டுகிறவர்கள் வலது பக்கத்தைக் கவனியுங்கள். சைலன்சர் அங்கேதான், பையை விலக்கிப் பிடிக்கிற ஸ்டே கம்பி இல்லாமல் மாட்டினால் பள்ளத்தில் இறங்கும்போது பை போய் ஒட்டிக்கொண்டு உருகும்.

இரண்டு பேரும் சாமானுமாகக் கிளம்பும்போது பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கின் முன்னிறுக்கத்தை, இரண்டு படி ஏற்றி வைத்தால் வளைவில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. டயர் காற்றையும் ஆள் கணக்குக்கு ஏற்ப, வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து, காலையில் டயர் சூடாவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் “முப்பது முப்பது போடட்டுமாண்ணே” என்று கேட்கிற பையனுக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். டியூப்லெஸ் என்பதால் பஞ்சர் கிட்டும் கையடக்க ஏர் பம்ப்பும் இருந்தால் ஆணி குத்தினாலும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்.

செயினைப் பற்றி ஆளுக்கு ஒரு மதம். ஸ்ப்ரே விற்கிறவர்கள் என்ன சொன்னாலும், மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு 90 கிரேடு கியர் ஆயிலை மெல்லிய பிரஷ்ஷால் உள்பக்கமாகத் தடவுவதே எனக்குப் போதுமாக இருக்கிறது. பெட்ரோல் மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கிற ஓ-ரிங் ரப்பரைக் கெடுத்துவிடும். ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போதே, ராத்திரி ரூமுக்குள் போவதற்கு முன்னால் தடவிவிட்டால் காலையில் உள்ளே இறங்கியிருக்கும், பின் சக்கரத்தில் தெறிக்காது. 500, 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம், மழையில் நனைந்தால் அன்றைக்கே. டோமினாரில் நடு ஸ்டாண்ட் இல்லாததுதான் எரிச்சல், வீட்டில் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற பேடாக் ஸ்டாண்ட் வாங்கி வைத்திருக்கிறேன், வழியில் என்றால் வண்டியை ஒரு சாண் தள்ளுவது, கொஞ்சம் தடவுவது, மறுபடி தள்ளுவது. இஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயின் துடைக்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள். விரல் போய்விடும், நிஜமாகவே போய்விடும்.

உடம்புக்குப் போடுகிறவற்றில் ஜாக்கெட், ஹெல்மெட் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஐஎஸ்ஐ முத்திரை, ஐரோப்பிய சிஇ சான்று பெற்ற ஆர்மர் (ஜாக்கெட்டுக்குள் வைக்கிற காப்புத் தகடு), கணுக்காலை மூடுகிற பூட்ஸ், அவ்வளவுதான். யாரும் பேசாதது காதுக்குள் வைத்துக்கொள்கிற அடைப்பு, இயர் ப்ளக். நூறு கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுகிறது, நாள் முழுக்க அதைக் கேட்டால் சாயங்காலம் வருகிற அசதிக்குக் காரணமே புரியாது. மெடிக்கல் ஷாப்பில் டீ விலைக்குக் கிடைக்கிற ஃபோம் அடைப்பு போதும். ஹார்ன் சத்தம் கேட்கும், கவலை வேண்டாம், நம் ஊர் ஹார்ன்கள் எதையும் துளைத்துக்கொண்டு வரும். அப்புறம் கோடையில் காற்று புகுகிற வலைத்துணி மெஷ் ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று: வெளிக்காற்று நாற்பது டிகிரி இருக்கும்போது அது குளிர்விப்பதில்லை, உடம்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகிறது. உள்ளே டி-ஷர்ட்டை நனைத்துப் போட்டுக்கொண்டால்தான் பலன். தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே மோரோ உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸோ உள்ளே போக வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்றால், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, அது இன்னும் அழகு, ஆனால் உடம்பைச் சோதிப்பது கொல்லிமலைதான். நேர்ச்சாலையிலேயே கழுத்தும் மணிக்கட்டும் போய்விட்டால் இருபதாவது வளைவுக்கு மேல் எப்போது முடியும் என்றுதான் இருக்கும். இந்த இஞ்சினுக்கு ரொம்பக் கீழே இறங்கி ஊர்வது பிடிக்காது, குலுக்கும், அதனால் இறுக்கமான வளைவில் இரண்டாவது கியரில் திணறாமல் முதலுக்கு இறக்கிவிட்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, கண்ணை வளைவின் மறுமுனையில் வைத்துத் திருப்ப வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இறங்கி வருகிற காருக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள்.

மைலேஜ் கேட்பீர்கள். நிதானமாகப் போனால் 30-ஐ ஒட்டித் தருகிறது, முறுக்கினால் 25. டேங்க் 13 லிட்டர்தான், அதனால் 250 கிலோமீட்டர் ஓடியதும் பங்க் தேட ஆரம்பித்துவிடுவேன். சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை, ஓரத்தில் விட்டிருக்கிற சந்தில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம், பக்கத்தில் தொங்குகிற பைகளின் அகலம் நினைவிருந்தால். பெங்களூரு மைசூரு விரைவுச்சாலையில் மட்டும் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளை விடுவதில்லை, சர்வீஸ் ரோடுதான். கோபம் வரும், ஆனால் மத்தூரில் இறங்கி வடை சாப்பிட அது வசதி.

அடுத்து கூடுதல் லைட். பலரும் கேட்கிறார்கள், நான் மாட்டவில்லை. மாட்டுவதென்றால் ரிலேயும் தனி ஃப்யூஸும் வைத்து, ஹெட்லைட் ஒயரை வெட்டாமல் பேட்டரியிலிருந்து நேரடியாக எடுக்கச் சொல்லுங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் கீழே பார்க்கத் திருப்பி வையுங்கள். இருட்டின பிறகு ஹைவேயில் லைட் இல்லாத டிராக்டரைக் கண்டுபிடிக்கிற விளையாட்டில் எனக்கு ஆர்வம் இல்லாததால், ஆறரைக்குள் எங்காவது ரூம் போட்டுவிடுகிறேன். அந்தப் பணம் பின் டயருக்கு. நடுக்கோடு தட்டையாகிவிட்டது, மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும், 150/60 அளவில் எது நல்லது என்று யாராவது ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.